ஜிப்பாவுக்குப் பூர்வீகம் கேட்கிறவர்களுக்கு

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் ஜிப்பாக்கள் தொங்கும். பட்டு ஜிப்பா, பருத்தி ஜிப்பா, அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நிறத்தில் ஜோடி ஜிப்பா. அதே வாரத்தில் நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஜிப்பா பற்றிய சண்டை தொடங்கிவிடும். சண்டை போடுகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, 'ஜிப்பா நம்ம சொல்லுதான், அரபுக்காரன் கப்பல்ல ஏத்திட்டுப் போயிட்டான்' என்கிறவர். இரண்டாம் வகை, 'சொல்லும் அந்நியம், துணியும் அந்நியம், தமிழன்னா வேட்டி சட்டை போடு, எழுதும்போது நெடுஞ்சட்டைன்னு எழுது' என்கிறவர். மூன்றாம் வகைக்கு இந்தச் சண்டையில் ஆர்வமே இல்லை. அவர் ஜிப்பா போட்டுக்கொண்டு திறந்த இல்ல உபசரிப்பில் உட்கார்ந்து, 'இந்த மலாய்க்காரங்களப் பாருங்க, பாஜு மெலாயுவ விட்டுட்டு ஜுபா போட்டு அரபுக்காரனா மாறிக்கிட்டு வராங்க' என்று சிரிப்பார். தான் போட்டிருப்பதும் அவர்கள் போட்டிருப்பதும் ஒரே சொல் என்பது அவருக்குத் தெரியாது. மலாயில் ஜுபா, தமிழில் ஜிப்பா, இரண்டுக்கும் மூலம் அரபியில் ஜுப்பா.

இந்த மூவரும் ஒருவரை ஒருவர் வெறுக்கிறார்கள். ஆனால் மூவருக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு சொல் எங்கே பிறந்ததோ அங்கேதான் அது சொந்தம். வேறு எங்கே போனாலும் அது விருந்தாளி. இந்த நம்பிக்கை தப்பு. தப்பு என்பதோடு, இந்த நாட்டில் வாழும் தமிழனுக்கு இதைப்போல ஆபத்தான நம்பிக்கை வேறில்லை. ஏன் ஆபத்து என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தச் சொல்லின் கதையைப் பார்த்துவிடுவோம். கதை தெரியாமல் சண்டை போடுவதுதான் நம் பெரிய வியாதி.

அரபியில் ஜுப்பா என்பது மேலே போட்டுக்கொள்ளும் நீண்ட அங்கி. வெட்டித் தைத்த உடை. 13ஆம் நூற்றாண்டில் இப்னு மன்ழூர் தொகுத்த லிசானுல் அரப் என்ற பேரகராதி, வெட்டித் தைக்கப்பட்ட உடை வகைகளில் ஒன்று என்றுதான் இதற்குப் பொருள் சொல்கிறது. அதே இடத்தில் வேறு பொருள்களும் உண்டு. போர்க்கவசத்துக்கும் ஜுப்பா என்று பெயர். ஈட்டி முனையில் மரக்காம்பு நுழைகிற குழிவுக்கும் ஜுப்பா என்றுதான் பெயர். பொறியியல் படித்தவனுக்கு இது உடனே புரியும். நாங்கள் அதை சாக்கெட் என்போம். இதே எழுத்துக்களில் பிறந்த இன்னொரு சொல் ஜுப், அதாவது கிணறு. யூசுப் நபியை அண்ணன்மார்கள் தள்ளிவிட்ட கிணற்றைக் குர்ஆன் இந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. கிணற்றில் ஆள் இறங்குகிறான். குழிவுக்குள் காம்பு இறங்குகிறது. அங்கிக்குள் உடம்பு இறங்குகிறது.

சரி, அப்படியென்றால் இது நூறு சதவீதம் அரபு உடை, இதுதான் அரபுக்காரர்களின் அசல் பாரம்பரியம் என்று முடிவுகட்டலாமா? அங்கேதான் சுவாரசியம்.

நபிகள் நாயகம் ஜுப்பா அணிந்த செய்தி ஹதீஸ் நூல்களில் வருகிறது. தபூக் பயணத்தின்போது தொழுகைக்கு முன் கைகால் கழுவ வேண்டியிருக்கிறது. அவர் அணிந்திருந்த ஜுப்பாவின் கைகள் மிகவும் இறுக்கமாக இருந்ததால் மேலே சுருட்ட முடியவில்லை. கைகளை உள்ளே இழுத்து அங்கியின் அடிப்பக்கமாக வெளியே எடுத்துக் கழுவினார் என்று கூட இருந்த முஃகீரா சொல்கிறார். புகாரி தொகுப்பில் இந்த அங்கிக்கு ஒரு அடைமொழி உண்டு: ஷாம் நாட்டு ஜுப்பா. ஷாம் என்றால் சிரியா. திர்மிதி தொகுப்பில் அது ரூம் நாட்டு ஜுப்பா, அதாவது பைசாந்தியப் பேரரசின் உடை. முஸ்லிம் தொகுப்பில் இன்னொரு செய்தி. நபியவர்களின் ஜுப்பா ஒன்றைப் பாதுகாத்து வைத்திருந்த அஸ்மா அதை எடுத்துக் காட்டுகிறார். அந்த ஜுப்பாவுக்கும் அடைமொழி உண்டு: கிஸ்ராவின் நாட்டு ஜுப்பா. கிஸ்ரா என்பது பாரசீகப் பேரரசரைக் குறிக்கும் பெயர்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அரபு உடையின் அடையாளம் என்று நாம் நினைக்கிற ஜுப்பாவை, அரபு மண்ணில், அரபு மொழியில், நபியே அணிந்ததாகச் சொல்லும் செய்திகள் சிரியாவிலிருந்து வந்தது, ரோமானியருடையது, பாரசீகத்தது என்று ஊர்ப்பெயர் சொல்லித்தான் பதிவு செய்கின்றன. அந்த ஊர்ப்பெயர் யாருக்கும் உறுத்தவில்லை. அந்நியன் உடையைப் போட்டுவிட்டாரே என்று யாரும் கேட்கவில்லை. கை இறுக்கமாக இருந்தது என்பதுதான் அங்கே இருந்த ஒரே பிரச்சினை.

அந்தச் சொல் பிறகு எங்கெல்லாம் போனது என்று பார்த்தால் மூச்சு வாங்கும். முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினிலும் சிசிலியிலும் அது ஐரோப்பிய மொழிகளுக்குள் நுழைந்தது. ஸ்பானியத்தில் அல்ஹூபா என்றும் ஹுபோன் என்றும் ஆனது. இத்தாலியத்தில் ஜுப்பா. பிரெஞ்சில் ஜூப். இன்றைக்குப் பாரிஸில் ஜூப் என்றால் பெண்கள் இடுப்பில் அணியும் பாவாடை. ரஷ்ய மொழியில் பாவாடைக்கு யூப்கா, பனிக்காலத்துக்கான மென்மயிர்க் கோட்டுக்கு ஷூபா, இரண்டும் இந்தக் குடும்பம்தான். இத்தாலியத்தில் இதிலிருந்து வந்த ஜுப்பொத்தோ, சாதாரண ஜாக்கெட் தொடங்கி குண்டு துளைக்காத கவசம் வரைக்கும் பயன்படுகிறது. 1892இல் மேடையேறிய பலியாச்சி என்ற இசைநாடகத்தில், மனைவி துரோகம் செய்துவிட்டாள் என்று தெரிந்த பிறகும் கோமாளி வேடம் போட்டுச் சிரிக்க வைக்க வேண்டியவன் தன் வேட உடையைக் குறிக்கும் சொல்லும் ஜுப்பாதான்.

போர்த்துகீசியத்தில் அது ஜிபாவ். 1511இல் மலாக்காவைப் பிடித்தார்களே, அதே போர்த்துகீசியர்கள் 1543இல் ஜப்பானில் இறங்கினார்கள். அந்தச் சொல்லும் கூடவே இறங்கியது. கிமோனோவுக்கு உள்ளே அணிகிற மெல்லிய உடைக்கு ஜப்பானியர்கள் ஜுபான் என்கிறார்கள். அதைச் சீன எழுத்தில்கூட எழுதுகிறார்கள். கிமோனோவைவிட ஜப்பானியமான உடை எது இருக்கிறது? அதற்கு அடியில், தோலை ஒட்டி, ஒரு அரபுச் சொல் இருக்கிறது. அதனால் ஜப்பான் குறைந்துவிட்டதா?

இனி முதல் வகை ஆளிடம் பேசுவோம். எல்லாம் தமிழிலிருந்து வந்தது என்கிறவர்.

இவருடைய முறை எளிமையானது. இரண்டு சொல் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டால் போதும், உறவு சொல்லிவிடுவார். நான் இவருக்கு இன்னும் நல்ல ஆதாரம் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறேன். சங்க இலக்கியத்தில் முல்லைப்பாட்டு என்ற நூல் இருக்கிறது. பாசறையில் காவல் நிற்கும் யவனர்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் மெய்ப்பை புகுந்தவர்கள் என்கிறது. மெய்ப்பை என்றால் உடம்புக்கான பை. அரபியிலும் உடம்பு நுழைகிற குழிவு, தமிழிலும் உடம்பு புகுகிற பை. எவ்வளவு அழகான பொருத்தம்! நம்மாள் கையில் இது கிடைத்தால் 'பை'தான் 'ப்பா' ஆனது, மெய்ப்பைதான் ஜுப்பா ஆனது என்று அரைமணி நேரத்தில் காணொளி போட்டுவிடுவார். ஆயிரம் பேர் பகிர்வார்கள்.

ஆனால் அது உறவு இல்லை. தைத்த உடையைப் பார்த்த இரண்டு வேறு வேறு சமூகங்களுக்கு ஒரே உவமை தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். மனிதனுக்கு உடம்பு ஒன்றுதான், அதைத் துணிக்குள் நுழைப்பதும் ஒரே மாதிரிதான். ஒரே உவமை தோன்றாவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

சொல்லின் பயணத்தை நிரூபிக்க வேறு வேலை இருக்கிறது. எந்த வழியில் போனது, எந்த நூற்றாண்டில் முதலில் எழுத்தில் தெரிகிறது, இடையில் யார் யாரிடம் பழகினார்கள், ஒலி மாறியிருந்தால் அந்த மொழியில் மற்ற சொற்களும் அதேபோல மாறியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஸ்பானியச் சொல்லின் தலையில் 'அல்' ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது அரபியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருகிற இடைச்சொல். கடன் வாங்கும்போது அதையும் சேர்த்தே வாங்கிவிட்டார்கள். கைரேகை மாதிரி அது. 1845இல் ரைன்ஹார்ட் டோசி என்ற டச்சு அறிஞர் அரபு உடைப்பெயர்களுக்கென்றே ஆம்ஸ்டர்டாமில் ஒரு தனி அகராதி வெளியிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் பழைய நூல்களிலிருந்தும் பயணிகளின் குறிப்புகளிலிருந்தும் சாட்சி தேடித் தேடி எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 25. நம்மில் பலருக்கும் அந்த வயதுதான். நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? காதில் விழுந்ததைக் காணொளியாக்கிக்கொண்டிருக்கிறோம்.

அரபுப் பேச்சு வழக்கிலும் சூடானில் ஜிப்பா என்றே சொல்கிறார்கள். எகிப்தில் கிப்பா. தமிழ் ஜிப்பாவின் இகரம் சூடானிலிருந்து நேராக நாகூரில் வந்து இறங்கியது என்று நான் இந்த ஒற்றுமையை வைத்துச் சொன்னால், நானும் அந்தக் காணொளிக்காரரும் ஒன்று. தமிழுக்கு இந்தச் சொல் உருது வழியாக வந்தது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட வழி. பாரசீகம், உருது என்று படியிறங்கி வந்திருக்கிறது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வெட்கம் என்றதும் இரண்டாம் வகை ஆள் எழுந்து நிற்பார். தூய்மைவாதி. இவரிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. முதல் ஆளைப்போல இவர் கதை கட்டுவதில்லை. ஜிப்பா அந்நியச் சொல் என்று உண்மையைத்தான் சொல்கிறார். உண்மையிலிருந்து இவர் எடுக்கும் முடிவுதான் கோணல்.

ஐயா, நீங்கள் நெடுஞ்சட்டை என்று எழுதுங்கள், தடையில்லை. ஆனால் வீட்டுக் கதவை எதைப் போட்டுத் திறக்கிறீர்கள்? சாவி, போர்த்துகீசியச் சொல். எந்த வழியாக வெளியே பார்க்கிறீர்கள்? ஜன்னல், அதுவும் போர்த்துகீசியம். சட்டைகளை எங்கே அடுக்கி வைக்கிறீர்கள்? அலமாரி, அதுவும். காலில் மாட்டுகிற சப்பாத்து, அதுவும். நம் பாட்டி காலத்திலிருந்து இந்த ஊரில் நாம் சொல்கிற சிலுவார், மலாய் வழியாக வந்த பாரசீகம். சாவிக்குத் திறவுகோல், ஜன்னலுக்குச் சாளரம் என்று மேடையில் சொல்லலாம். நடுராத்திரியில் வீட்டு வாசலில் நின்றுகொண்டு 'திறவுகோல எங்க வெச்சே?' என்று மனைவியிடம் கேட்கிற ஆள் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

இன்னொரு கேள்வி. மலாய் மொழியில் இருக்கிற தமிழ்ச் சொற்களைப் பட்டியல் போடுவது நம் தமிழ்விழாக்களில் ஒரு சடங்கு. கடை கெடாய் ஆனது, கப்பல் காப்பால் ஆனது, கட்டில் காத்தில் ஆனது, சுருட்டு செருத்து ஆனது. கைதட்டல் கூரையைப் பிளக்கும். நியாயமான பெருமைதான். ஆனால் நம் சொல் அவர்களிடம் போனால் கொடை, அவர்கள் சொல் நம்மிடம் வந்தால் கறையா? கெடாய் என்று சொல்கிற எந்த மலாய்க்காரரும் தன் மொழி கெட்டுவிட்டதாக நினைப்பதில்லை. அவர்களுடைய தேசிய உடையின் பெயரில் இருக்கிற பாஜு என்ற சொல்லுக்கே பாரசீக மூலம் சொல்கிறார்கள். கையைக் குறிக்கும் சொல். அதைத் தூக்கி எறிய வேண்டும் என்று யாரும் ஊர்வலம் போனதில்லை.

பாரம்பரியம் என்றே பேசினாலும், மேலே சொன்ன முல்லைப்பாட்டைத் திரும்பப் பாருங்கள். அங்கே மெய்ப்பை போட்டிருப்பவன் யவனன், அந்நியன். அவனுடைய தோற்றத்தை அச்சம் தருவதாகக் காட்டும்போது அந்த உடையும் அதில் சேர்ந்து வருகிறது. அந்தக் கணக்குக்கு, தூய்மைவாதி பரிந்துரைக்கிற வேட்டி சட்டையில் சட்டையும் கழன்றுவிடும். பரவாயில்லையா?

இதில் சிரிக்க முடியாத ஒரு பக்கமும் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களிடம் இந்தச் சொல் இரண்டு உருவில் புழங்குகிறது. ஆலிம்கள் அணிகிற நீண்ட அங்கி ஜுப்பா. பண்டிகைக்குப் போடுகிற முழங்கால் வரைக்குமான தளர்வான சட்டை ஜிப்பா. ஒரே சொல் இரண்டு தடவை வந்து, இரண்டு வேலைக்கு நின்றுவிட்டது. மொழியின் செழிப்பு என்றால் இதுதான். ஜுப்பா தமிழில்லை என்று நீங்கள் மேடையில் முழங்கும்போது, பினாங்கிலும் நாகூரிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் பேசி, தமிழில் கனவு கண்டு, தமிழில் பாட்டெழுதிய குடும்பங்களிடம் என்ன சொல்கிறீர்கள் என்று யோசித்ததுண்டா? உங்கள் அன்றாடச் சொல் எங்கள் மொழிக்கு வெளியே இருக்கிறது என்கிறீர்கள். வேட்டியைக் காட்டித் தமிழுக்கு வேலி போடுகிறீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களும் நாம்தான்.

ஒரு சொல்லின் பொருளை அதன் பிறப்பிடம் தீர்மானிப்பதில்லை என்பதற்கு ஜுப்பாவே நல்ல சாட்சி. சூஃபி மரபில் பாயஸீத் பிஸ்தாமி சொன்னதாக ஒரு சொல் வழங்குகிறது: தன் ஜுப்பாவுக்குள்ளே இறைவனைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது அதன் கருத்து. அங்கே ஜுப்பா என்பது துணியில்லை, உடம்பு. நான் என்கிற கூடு. பாம்பு சட்டை உரிப்பதைப் பார்த்த நமக்கு இது புரியக் கஷ்டமில்லை.

அந்த ஆன்மிகத்திலிருந்து அரசியலுக்கு வருவோம். 1881இல் சூடானில் முகம்மது அகமது என்பவர் தன்னை மஹ்தி என்று அறிவித்தார். எகிப்திய, பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு எதிராகத் திரண்ட அவருடைய ஆட்கள் ஒட்டுப்போட்ட ஜிப்பா அணிந்தார்கள். கிழிந்த இடத்தில் ஒட்டு, ஏழ்மையின் அடையாளம். பணக்காரனும் ஏழையும் ஒரே ஒட்டுத்துணியில் நின்றார்கள். 1885 ஜனவரியில் கார்ட்டூம் அவர்கள் கையில் விழுந்தது. அதே ஆண்டு மஹ்தி இறந்துபோனார். அவருக்குப் பிறகு வந்த ஆட்சியில் அந்த ஒட்டுகள் மெல்ல மெல்ல ஒழுங்கான சதுரங்களாக, இரண்டு பக்கமும் சமமாக, அழகான நிறங்களில் தைக்கப்பட்டன. துணி கிழியவே இல்லை, ஆனாலும் ஒட்டு இருந்தது. ஏழ்மையின் அடையாளம் படையின் சீருடையாகிவிட்டது. 1898இல் ஓம்துர்மானில் கிட்சனரின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விழுந்தார்கள். அவர்களுடைய ஜிப்பாக்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக எடுத்துப்போனார்கள். இன்றும் அவை பிரிட்டனின் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகின்றன.

அங்கிருந்து கொஞ்ச காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரைட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ரோடீன் என்ற பெண்கள் பள்ளியில் மாணவிகள் தளர்வான ஓர் அங்கி அணிந்தார்கள். இடுப்பை இறுக்கும் உடைகளின் காலத்தில், ஓடியாட வசதியான உடை. அதற்கு என்ன பெயர் தெரியுமா? ஜிப்பா. அதே சொல், இங்கிலாந்துப் பணக்கார வீட்டுப் பெண்பிள்ளைகள் மீது.

சூடானியப் போராளிக்கு ஏழ்மை, பிறகு சீருடை. ஆங்கிலப் பெண்ணுக்கு ஓடுகிற சுதந்திரம். பிரெஞ்சுக்காரிக்குப் பாவாடை. இத்தாலியக் கோமாளிக்கு வேஷம். சூஃபிக்கு உடம்பு. மலேசியத் தமிழனுக்குத் தீபாவளி. இதில் எது அசல் பொருள்? பிறப்பிடத்தில் இருந்ததுதான் அசல் என்றால், ஈட்டி முனையில் இருக்கிற ஓட்டைதான் அசல் ஜுப்பா. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போக முடியாது.

மூன்றாம் ஆள் இத்தனை நேரமும் சிரித்துக்கொண்டிருக்கிறார். மலாய்க்காரர் ஜுபா போட்டால் அரபுமயம் என்கிறவர். அரபுமயமாதல் பற்றி மலாய்ச் சமூகத்துக்குள்ளேயே கடுமையான விவாதம் நடக்கிறது. மக் யோங் போன்ற கலைகளின் கதி, பெண்கள் மீதான சமூக அழுத்தம் என்று அதில் உண்மையான கவலைகள் உண்டு. அந்தக் கவலையோடு பேசுகிறவர்களை நான் மதிக்கிறேன். நம்மாளின் சிரிப்பில் அந்தக் கவலை இல்லை. அண்டை வீட்டுக்காரன் இரவல் உடையில் நிற்கிறான் என்ற இளக்காரம்தான் இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தால் தன் தோளிலும் அதே இரவல்தான்.

இன்னொன்றையும் அவருக்கு நினைவூட்ட வேண்டும். இந்த நாட்டில் பல்கலைக்கழகத்தில் படித்த ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் ஒருநாள் ஜுபா போட்டிருக்கிறது. பட்டமளிப்பு அங்கிக்கு மலாயில் ஜுபா என்றுதான் பெயர். முன்பணம் கட்டி வாங்கி, அம்மா அப்பாவோடு படம் எடுத்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வரவேற்பறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோமே, அந்தப் படத்தில் நாம் போட்டிருப்பது ஜுபா. எங்கள் வீட்டிலும் ஒன்று தொங்குகிறது. யாரும் அதைப் பார்த்து, பிள்ளை அரபுக்காரனாகிவிட்டான் என்று அழவில்லை.

சொல் அரபு என்பதால் அந்த அங்கியும் அரபுதான் என்று எதிர்ப்பக்கத்தில் ஒரு கதை சுற்றுகிறது. பட்டமளிப்பு அங்கி அரபு உடையிலிருந்து வந்தது, சதுரத் தொப்பிகூடத் தலையில் குர்ஆனை வைத்ததன் நினைவு என்று படத்தோடு பகிர்கிறார்கள். அதற்கு ஆதாரம் காட்டுகிறவர் யாரும் இல்லை. அந்த அங்கியின் வரலாறு இடைக்கால ஐரோப்பாவின் கிறித்துவ மதகுருமார்களின் உடையில் இருக்கிறது. அன்றைய பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஐரோப்பியத் துணி, அரபுப் பெயர், மலாய் எழுத்து, உள்ளே தமிழ்ப் பிள்ளை. துணியின் வரலாறு வேறு, பெயரின் வரலாறு வேறு. எங்கள் தொழிலில் இதை முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள்: கேபிளில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படித்துவிட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டதாக நினைத்துக் கையை வைக்காதே.

இனி, ஆரம்பத்தில் சொன்ன ஆபத்துக்கு வருகிறேன்.

பூர்வீகத்தைக் கேட்டு உரிமையைத் தீர்மானிக்கும் இந்த விளையாட்டு நமக்குப் புதிதில்லை. இந்த நாட்டில் அதை நம்மீதுதான் ஆடுகிறார்கள். தேர்தல் வந்தால், தமிழ்ப்பள்ளி விவகாரம் வந்தால், கோயில் நிலப் பிரச்சினை வந்தால், யாராவது ஒருவர் அந்தச் சொல்லை எடுத்து வீசுவார்: பெண்டாத்தாங். வந்தேறி. நான்கு தலைமுறை இங்கே ரப்பர் வெட்டி, ரயில் பாதை போட்டு, இங்கேயே எரிந்து சாம்பலான பிறகும், நீ எங்கிருந்து வந்தாய் என்ற ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் அழித்துவிடப் பார்க்கிறார்கள். பிறந்த இடம்தான் சொந்தம், மற்றதெல்லாம் இரவல் என்பதுதான் அவர்களுடைய வாதம்.

அதே வாதத்தைத்தான் நாம் ஒரு சட்டை மீது பிரயோகிக்கிறோம். ஜிப்பா எங்கிருந்து வந்தது, அரபியிலிருந்தா, அப்படியானால் வெளியே போ. எத்தனை காலம் நம்மோடு இருந்தது, எத்தனை பேர் கல்யாணத்துக்குப் போட்டார்கள், எத்தனை பாடகர் அதைப் போட்டுக் கச்சேரி செய்தார்கள் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. ஜிப்பாவை வந்தேறி என்று சொல்லிவிட்டு, உன்னை வந்தேறி என்கிறவனிடம் எந்த முகத்தோடு வாதாடுவாய்?

இதற்கு நம்மிடம் இருக்கிற பதில் இன்னும் மோசம். வந்தேறி என்றால் உடனே கடாரம் என்கிறோம். 1025இல் ராஜேந்திர சோழன் படை வந்தது, பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் இருக்கிறது, உனக்கு முன்னாலேயே நாங்கள் வந்துவிட்டோம் என்கிறோம். பூஜாங் பள்ளத்தாக்கைப் படிக்க வேண்டும், காக்க வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் குடியுரிமைக்குச் சாட்சியாக அதைக் கூப்பிடும்போது எதிராளியின் விதிப்படியே ஆடுகிறோம். முதலில் வந்தவனுக்கே சொந்தம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தேதியை மட்டும் மாற்றப் பார்க்கிறோம். அந்த விதிப்படி ஆடினால் காட்டில் வாழும் ஒராங் அஸ்லியைத் தவிர இந்தத் தீபகற்பத்தில் யாருக்கும் வாயைத் திறக்க உரிமை இருக்காது. தோட்டத்து லயத்தில் பிறந்த என் பாட்டிக்கு இந்த மண்ணில் இருந்த உரிமை, சோழன் கப்பலில் வந்ததில்லை. அவர் இங்கே வாழ்ந்ததில், உழைத்ததில், 1957க்குப் பிறகு இந்த நாட்டின் சட்டம் அதை எழுதி ஒப்புக்கொண்டதில் இருந்தது. அது போதும்.

சொல்லுக்கும் அதே நியாயம்தான். போட்டவர்கள், பழகியவர்கள், அதற்குள் தங்கள் நல்லநாளையும் கெட்டநாளையும் நுழைத்தவர்கள், அவர்களுடையது அது. ஜிப்பா தமிழ்ச் சொல். அரபியில் பிறந்த தமிழ்ச் சொல். இந்த வாக்கியத்தின் இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்லப் பழக வேண்டும். முதல் பாதியை மட்டும் சொன்னால் பொய். இரண்டாவதை மட்டும் சொன்னால் அநியாயம்.

எழுதுகிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். கதையில் ஜிப்பா வந்தால் ஜிப்பா என்றே எழுதுங்கள். சாய்வெழுத்தில் போட்டு அதை அந்நியமாக நிறுத்தாதீர்கள். ஆலிம் அணிந்திருப்பது ஜுப்பா என்றால் ஜுப்பா. மலாய்க்காரத் தோழி அணிந்திருப்பது ஜுபா என்றால் ஜுபா. மூன்றையும் அங்கி என்று ஒரே சலவையில் போட்டு வெளுத்துவிடாதீர்கள்; அந்த மூன்று உருவத்துக்குள்ளேதான் மூன்று வாழ்க்கை இருக்கிறது. சொல்லாய்வு செய்ய ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் வழியைக் காட்டுங்கள், சாட்சியைக் காட்டுங்கள், காதை மட்டும் நம்பாதீர்கள்.

தீபாவளிக்கு யாராவது உங்களைப் பார்த்து, 'என்னப்பா, தமிழனா இருந்துக்கிட்டு அரபுக்காரன் சட்டையப் போட்டிருக்கே' என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். சிரியா, ரோம், பாரசீகம் என்று ஊர்ப்பெயர் ஒட்டிய ஜுப்பாக்களின் கதையிலிருந்து ஆரம்பித்து நிதானமாகச் சொல்லுங்கள். முழுவதும் சொல்ல அரைமணி நேரமாகும். முறுக்குத் தட்டை அவர் பக்கமாகத் தள்ளி வையுங்கள்.